அத்தான் விலைகொடுத்து வாங்கி எரித்த பந்துகள்

இன்வர்ஹெய்ல், பைஃப் கடற்கரை
4 செப்டம்பர் 1849

அன்புத் தம்பி ராபுக்கு,

அக்கா கிரிஸல் எழுதுவது. நான் சுகம், கோழிகள் சுகம். உன் அத்தானுடைய பிடிவாதம் பூரண சுகம். நெஞ்சுதான் சுகமில்லை. லண்டனில் காலரா என்று பாதிரியார் சொன்னார். ஆற்றுப் பக்கம் போகாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் டாக்டர் வந்து உன் அத்தானின் முதுகில் காது வைத்துக் கேட்டார். "வாட், இன்னொரு குளிர்காலம் இந்த இறகுத் தூசியில உட்கார்ந்தேன்னு வை, வசந்தத்துல உன்னைக் கல்லறைத் தோட்டத்துலதான் வந்து பார்க்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரி டாக்டர், உங்களுக்குக் கோல்ஃப் பந்து எத்தனை வேணும்?"

நீயே சொல். காளைத்தோலைத் தைத்து, ஒரு தொப்பி நிறைய வாத்திறகை வேகவைத்து, இரும்புக் கம்பியை நெஞ்சில் கொடுத்து முட்டி முட்டி அந்தச் சின்னத் தோலுக்குள் திணிப்பது மனிதன் செய்கிற வேலையா? அப்பாவும் இதைத்தான் செய்தார். அவர் போனபோது என்ன வயது என்று உனக்குத் தெரியும். நான் எழுதப் போவதில்லை.

இப்போது மலாய் தேசத்து மரப்பிசின் வந்திருக்கிறது. வெந்நீரில் போட்டால் மாவாக இளகுகிறது. உருட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் கல். இறகும் இல்லை, தூசியும் இல்லை. இவர் அதற்கு மாறினால் பிழைப்பார். மாறுவாரா? ஊர்ப் பந்துக்காரர்கள் எல்லோரும், இவரைப் போலவே இறகு திணிக்கிற ஹால்டேன் கௌவின் பட்டறையில் கூடி, பிசின்பந்தை உருட்டுவதில்லை, விற்பதில்லை, வைத்து ஆடுவதில்லை என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். அதோடு விட்டாரா இவர்? திடலில் தொலைகிற பிசின்பந்துகளை, கனவான்களுக்கு மட்டை தூக்குகிறவர்களிடம் விலைகொடுத்து வாங்கி வந்து என் அடுப்பில் போட்டு எரிக்கிறார். கஞ்சியில் நாற்றம், போர்வையில் நாற்றம், என் தலைமுடியில் நாற்றம்.

நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா, பயல்கள் வில்வித்தையை விட்டுவிட்டுப் பந்தடிக்கிறார்கள் என்று கோல்ஃபையே தடை செய்தாராமே. அந்தப் புண்ணியவான் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருந்திருக்கலாம்.

ஒரு உதவி. என் செருப்பின் அடி தேய்ந்துவிட்டது. பிசின் ஒட்டினால் ஈரம் ஏறாதாம். ஒரு கட்டி வாங்கி அனுப்பு.

உன் அக்கா,
கிரிஸல்


பிளாக்ஹீத், லண்டன்
15 செப்டம்பர் 1849

அன்புள்ள அக்காவுக்கு,

காலரா இன்னும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. வேறு எல்லாத் தொல்லையும் கண்டுபிடித்துவிட்டது. பிசின்கட்டி அனுப்பியிருக்கிறேன், செருப்புக்கு.

அத்தான் பிசின்பந்தை எரிக்கிறார் என்றால் என் பங்குக்கும் இரண்டு எரிக்கச் சொல். தோல்பந்து சாதுவாகப் போகும். இந்தச் சனியன் கல்லாக இருக்கிறது. ஆப்பிள் மரத்தில் நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய நீளமூக்கு மட்டைகள் இரண்டு அடிக்குத் தாங்குவதில்லை. கடைக்கு வருகிற கனவான்கள் எல்லோரும் கையில் உடைந்த மூக்கோடுதான் வருகிறார்கள், "உன் மரம் சரியில்லை" என்கிறார்கள். மூக்கைக் குட்டையாக்கி, அடிபடுகிற முகத்தில் தோல் துண்டு பதித்துப் பார்க்கிறேன். இது கட்டை நாய்க்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கிறது.

நேற்று ஒரு டச்சுக் கப்பல்காரன் கடையில் நின்றுகொண்டு, "பனிக்கட்டி மேல எங்க முப்பாட்டன் ஆடினதத்தான் நீங்க திருடிட்டுப் போயிட்டீங்க" என்றான். "சரிப்பா, நாங்க பந்தைக் குழியில போடுறோம். உங்க பனிக்கட்டியில குழி எங்க இருக்கு?" என்றேன். அவன் கையை ஓங்கினான். கடைசியில் உடைந்தது என்னுடைய இன்னொரு மட்டை.

அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது? சும்மா கேட்கிறேன்.

உன் தம்பி,
ராப்


இன்வர்ஹெய்ல்
8 அக்டோபர் 1849

அன்புத் தம்பிக்கு,

பிசின் வந்தது, மகராசனாக இரு. குளிருக்கு உள்சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். போன முறை மாதிரி அதை மட்டை துடைக்க வைத்துக்கொள்ளாதே.

செருப்பு நன்றாக வந்தது. இன்னும் இரண்டு கட்டி வேண்டும். பெரியதாகவே அனுப்பு.

உன் அத்தானுக்கு இந்த மாதம் ஒரே குஷி. "புதுப் பிசின்பந்து பறக்கவே மாட்டேங்குது கிரிஸல்! அடிச்சா கொஞ்ச தூரம் போகுது, அப்புறம் சுட்ட வாத்து மாதிரி தலைகுப்புற விழுது!" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்பதற்குள் கஞ்சி ஆறிவிட்டது. நேற்று அவருடைய கைத்துணிகளைத் துவைக்கும்போது பார்த்தேன். சரி, அதை விடு.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு எந்த எதிரிக்கும் வேண்டாம். நீ கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கிரிஸல்


பிளாக்ஹீத்
20 அக்டோபர் 1849

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் செருப்பு என்னைவிட நலம் போலிருக்கிறது.

இரண்டு பெரிய கட்டி! உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை கால்? கோழிகளுக்கும் செருப்புத் தைக்கிறாயா? அக்கா, நான் பந்துக்காரன் மகன். அந்தக் கட்டியில் எத்தனை பந்து உருளும் என்று எனக்குத் தெரியாதா? உருட்டுவது உன் இஷ்டம். ஆனால் அத்தானிடம் சொல்லிவிட்டு உருட்டு. இது நல்லபடியாக முடியாது.

கட்டிகள் வருகின்றன. பின்னே, அனுப்பாவிட்டால் என்னை விடுவாயா?

துணியில் என்ன பார்த்தாய்?

ராப்


இன்வர்ஹெய்ல்
2 நவம்பர் 1849

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சளி பிடித்தால் நெஞ்சில் வாத்துக்கொழுப்பு தடவு.

ஆமாம், உருட்டுகிறேன். அதற்கென்ன? இவர் ஹால்டேன் பட்டறைக்கோ திடலுக்கோ கிளம்பியதும் கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிடுவேன். திரும்பி வருவதற்குள் பந்துகள் கோழிக்கூட்டுக்குப் போய்விடும். மட்டை தூக்குகிற பால்டி அங்கிருந்து எடுத்துப்போய் விற்றுத் தருகிறான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, "இதோ பாருங்க, இந்தக் குளிர்காலத்துக்கு இது போதும், அந்தக் கம்பியைக் கீழ வைங்க" என்று இவர் முன்னால் கொட்டுவதாக இருந்தேன். திட்டம் நன்றாகத்தான் இருந்தது. பந்துகளும் நன்றாகத்தான் விற்றன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை.

நேற்று பால்டியிடம் கேட்டேன், "ஏம்பா, இவ்வளவையும் யாரு வாங்குறா?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்க அம்மா. முக்காவாசி உங்க வீட்டுக்காரருதான்."

ராப், அப்படியே கோழிக்கூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் இந்தப் பக்கம் உருட்டி அனுப்ப, அவர் அந்தப் பக்கம் வாங்கி வந்து, என் அடுப்பிலேயே, நான் உருட்ட மூட்டிய அதே நெருப்பில் எரித்துக்கொண்டிருந்திருக்கிறார்! எரிகிற புகை அவர் நெஞ்சுக்குத்தான் போகிறது. அது மட்டுமில்லை. வாங்கக் காசு வேண்டுமே, அதற்காக முன்னைவிட அதிகமாக இறகு திணிக்கிறார். பொழுது விடியுமுன் கம்பியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். "ஊர்ல பிசின்பந்து பெருகிப் போச்சு கிரிஸல், எங்கிருந்து வருதுன்னே தெரியல, விடக் கூடாது" என்கிறார்.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு சட்டி ஹெரிங் மீனைக் கருகவிட்டேன்.

கிரிஸல்


பிளாக்ஹீத்
10 நவம்பர் 1849

அக்கா,

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். பக்கத்துக் கடைக்காரர் வந்து என்னவென்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு இரண்டாம் முறை படித்தேன். சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கே நிறுத்து. இன்றைக்கே அவரிடம் சொல். சத்தியமாவது மண்ணாவது. புகையும் இறகும் சேர்ந்தால் அந்த நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்?

துணியைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

புத்தாண்டுக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். முடியாது போலிருக்கிறது. மட்டை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

ராப்


பிளாக்ஹீத்
5 டிசம்பர் 1849

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபமா? உடம்பு சரியில்லையா? உள்சட்டை வந்தது, பொருத்தமாக இருக்கிறது. அதோடு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே என்று பொட்டலத்தை மூன்று தடவை உதறிப் பார்த்தேன்.

திட்டியாவது எழுது.

ராப்


இன்வர்ஹெய்ல்
20 டிசம்பர் 1849

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் சொல்லிவிடத்தான் இருந்தேன். அன்று காலையில் இவர் கம்பியை நெஞ்சில் கொடுத்து அழுத்தியவர், அப்படியே பந்தின் மேல் கவிழ்ந்துவிட்டார். இறகெல்லாம் சிவப்பு. துணியில் நான் பார்த்ததும் அதுதான். எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதவில்லை.

சமையலறைக் கட்டிலில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தியிருக்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, கட்டி, பால்டி, கோழிக்கூடு எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு வாரம் பேசவில்லை. ராப், திட்டாத வாட்டை எனக்குப் பழக்கமில்லை. பயமாக இருந்தது.

எட்டாம் நாள், சுவரைப் பார்த்தபடியே, "அப்போ நான் எரிச்சதெல்லாம் நீ உருட்டினதா?" என்றார்.

"ஆமா."

"நாசமாப் போச்சு" என்றார். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார்.

இப்போது ஒளித்து வைக்க எதுவும் இல்லை. அவர் கண்ணெதிரே மேசையில் வைத்தே உருட்டுகிறேன். இந்தச் சத்தியமும் மானமும் கஞ்சி காய்ச்சுமா?

நீ மட்டை வேலை என்று எழுதினாய். அப்பாவின் கடைசி மாதத்தில் நீ கொல்லையில் விறகு வெட்டிக்கொண்டே இருந்தாய். மூன்று குளிர்காலத்துக்குத் தேவையான விறகு. உள்ளே வந்து அவர் இருமுவதைக் கேட்க உன்னால் முடியவில்லை. எனக்கு அப்போதே தெரியும், குறையாக நினைக்கவில்லை. ஆனால் இப்போது நான் தனியாக இருக்கிறேன்.

கிரிஸல்


இன்வர்ஹெய்ல்
28 ஜனவரி 1850

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய தேநீரும் சர்க்கரையும் வந்தன. கூடக் கடிதம் இல்லை. பரவாயில்லை, சர்க்கரை இனித்தது. இங்கே நிலைமை மாறியிருக்கிறது. நல்லதற்கா கெட்டதற்கா, நீயே படித்துச் சொல்.

நோயாளி வாய் திறந்துவிட்டார். திறந்த வாய் மூடவில்லை. "தண்ணி போதுமான சூடு இல்ல." "அந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி, உப்புத்தண்ணியில போட்டுப் பாரு, ஒரே பக்கமாத் திரும்பும்." "பந்தா உருட்டுற? வாத்து முட்டை மாதிரி இருக்கு." காலையிலிருந்து இரவு வரை இதே பாட்டு. பிசினைக் கையால் தொடமாட்டாராம், சத்தியம்! குற்றம் சொல்ல மட்டும் சத்தியம் தடுக்கவில்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல், "நீங்களே எந்திரிச்சு உருட்டுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

"எப்படி உருட்டினாலும் அது பறக்காதுடி" என்றார்.

"ஏன்?"

"மொழுமொழுன்னு இருக்கே. அடிபட்டு மூஞ்சி கிழிஞ்ச பழைய பந்து மட்டும்தான் நேராப் பறக்குது. அதனாலதான் கனவான்கள் புதுசைத் தூக்கிப் போடுறாங்க, மட்டை தூக்குறவன் பழசை வெச்சு அவங்களையே ஜெயிக்கிறான்."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன வருஷமே தெரியும்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"எதிரிக்கு எதுக்குடி சொல்லணும்?"

நான் அடுத்த பந்தை உருட்டப் போனேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். "அந்தச் சுத்தியலக் கொடு. கூர்மூக்குச் சுத்தியல்."

"உங்க சத்தியம்?"

"உருட்ட மாட்டேன், விக்க மாட்டேன், வெச்சு ஆட மாட்டேன்னுதான் சத்தியம். அடிக்க மாட்டேன்னு எவன் சொன்னான்? இந்தச் சனியனச் சுத்தியலால நாலு சாத்து சாத்தணும்னு எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா?"

அன்றிலிருந்து மடியில் பலகையை வைத்துக்கொண்டு அடிக்கிறார். சுற்றிச் சுற்றி, வரிசை பிசகாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. பந்து முழுக்கத் தழும்பு. பால்டி கொண்டுபோய் ஆடிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். பறக்கிறதாம், ராப். காற்றை எதிர்த்துப் பறக்கிறதாம்.

நேற்று ஹால்டேன் கௌ நலம் விசாரிக்க வந்தார். உன் அத்தான் பிசின்பந்தைப் போட்டு மொத்துவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடி வாட், அடி! நம்ம வயித்துல அடிச்சதுக்கு நல்லா வாங்கட்டும்!" என்று தானும் ஒன்றை எடுத்து ஆத்திரம் தீர நாலு போடு போட்டுவிட்டுப் போனார். நான் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன்.

கிரிஸல்


பிளாக்ஹீத்
16 பிப்ரவரி 1850

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். உன் கடிதத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சுகம். நானும் இங்கே ஒரு புதுப் பந்தைச் சுத்தியலால் தட்டி ஒரு கனவானிடம் கொடுத்தேன். அடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். தோல் பதித்த குட்டைமூக்கு மட்டையும் உடையவில்லை.

விறகைப் பற்றி நீ எழுதியதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. ஏப்ரலில் வருகிறேன். உள்ளே வருவேன்.

ஒன்று மட்டும் உள்ளபடி எழுது. அத்தான் குணமானால் மறுபடியும் கம்பியை எடுப்பாரா?

ராப்


இன்வர்ஹெய்ல்
19 மார்ச் 1850

அன்புத் தம்பிக்கு,

வரும்போது கனமான மேல்சட்டையோடு வா, கடல்காற்று இன்னும் அடங்கவில்லை. உனக்குப் பிடித்த ஓட்ஸ் ரொட்டிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டேன்.

நீ கேட்டதையேதான் நானும் கேட்டுக்கொண்டு பயந்துகிடந்தேன். உன் அத்தான் எழுந்து நடமாட ஆரம்பித்த அதே வாரம் ஒரு மூட்டை வாத்திறகு வந்து இறங்கியது. இலையுதிர்காலத்தில் இவரே சொல்லிவைத்தது. வசந்தப் பந்தயத்துக்குப் பழைய கனவான்கள் சிலர் தோல்பந்துதான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இவர் மூட்டையைத் தடவிப் பார்த்தார். சுவரில் தொங்கிய கம்பியைப் பார்த்தார். எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. செவிடன் காதில் எத்தனை நாள் ஊதுவது?

முந்தாநாள் கதவு படாரென்று திறந்தது. ஹால்டேன் கௌ. கையில் தழும்புப் பந்து ஒன்று. ஊரெல்லாம் எதை வைத்து ஆடுகிறார்கள் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"துரோகி! வேதப்புத்தகத்துல கை வெச்சியே, வாட்! என்னையும் அடிக்க வெச்சியேடா பாவி! நான் அடிச்சதை ஒருத்தன் மெடலுக்கு ஆடப் போறானாம்..."

அதற்கு மேல் பேச முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. மேசையைப் பிடித்தார், நாற்காலியைப் பிடித்தார், நிற்கவில்லை. முகம் நீலமாகிவிட்டது. உன் அத்தான்தான் தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, முதுகைத் தடவி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். மூச்சு வந்ததும் ஹால்டேன் எழுந்து போனார். வாயைத் துடைத்துச் சிவந்துபோன துணியை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். உன் அத்தான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"கிரிஸல், நானும் இப்படித்தான் இருமினேனா?"

"இதைவிட மோசமா."

"இவ்வளவு சத்தமாவா?"

"தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

சுவரில் இருந்த கம்பியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் போட்டார். மூட்டையைக் காலால் வாசல் பக்கம் தள்ளினார். "இதைத் திருப்பி அனுப்பிடு. எனக்கு வேணாம். ஹால்டேனையும் நாளைக்கு இங்க வரச் சொல்லணும், அவனுக்கு ஒரு சுத்தியல் வாங்கணும்" என்றார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போது என்னைத் திரும்பிப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்:

"ஏன்டி, இறகு நெஞ்சுக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

ராப், சுத்தியல் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. உன் அத்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார். கடவுள் இருக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

உன் அக்கா,
கிரிஸல்